காலுக்கு ஒரு சீட்

கும்மிடிப்பூண்டி பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்டீவனுடைய பஞ்சர் கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதுதான் கன்னியம்மாவின் சீட் கவர் கடை. போர்டு கிடையாது. போர்டு எழுதி வைத்தால் படிக்கத் தெரிந்தவன் மட்டும்தான் வருவான் என்பது அவள் கட்சி. அதற்குப் பதிலாக வாசலில் நாலு பைக் சீட்டுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கறிக்கடை மாதிரித் தெரியும். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்பாள்.

ஐம்பத்திரண்டு வயது. எளாவூர்ப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கச் சேர்ந்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கேட்டில் பூட்டு. கம்பெனி சாமான்களை ஏலம் விட்டபோது மற்றவர்கள் மின்விசிறி, நாற்காலி என்று பார்க்க, இவள் தான் உட்கார்ந்து தைத்த தையல் மெஷினையே கேட்டு வாங்கினாள். ஷேர் ஆட்டோவில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரன் இரண்டு ஆள் இடம் என்று முனகினான். மடியில் இருக்கிற பிள்ளைக்கு எவன் டிக்கெட் கேட்பான் என்று இவள் திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து அந்த மெஷின்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. புருஷன் வரதன் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்குவதால் அவர் வீட்டில் இருக்கும் நேரம் எல்லாம் தூக்க நேரம்தான்.

எழுதப் படிக்கத் தெரியாதவள் அளவை எப்படி வைத்துக்கொள்வாள்? கயிறுதான். சீட்டின் முன்பக்கம் வரைக்கும் ஒரு முடிச்சு, பின்பக்கம் வரைக்கும் இன்னொரு முடிச்சு. யாருடையது என்று தெரிய நுனியில் கலர் நூல். கடைச் சுவரில் ஒரு ஆணி, அதில் நூற்றுக்கணக்கில் கயிறுகள். பார்த்தால் சடைமுடிச் சாமியார் மாதிரி இருக்கும். ஆனால் ஐந்து வருஷம் கழித்து வந்து நின்றாலும் உன் கயிறு இது என்று உருவிக் கொடுப்பாள்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. தைத்து முடித்த சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள், பிறகு தானே அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பாள், அப்புறம்தான் கொடுப்பாள். பத்தொன்பது வருஷமாக ஒரு சீட்கூடத் திரும்பி வந்ததில்லை. ரோட்டில் போகிறவனைக்கூடக் கூப்பிட்டு இதைச் சொல்வாள். பக்கத்துக் கடை ஸ்டீவன் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, ஒன்றாவது திரும்பி வராதா என்று காத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பொழுது போக வேண்டுமே.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தணிகாசலம் ஒரு கோணிப்பையோடு வந்தான். பைக்குள்ளிருந்து அவன் எடுத்து வைத்தது சீட் இல்லை. இரண்டு இரும்பு. காலின் உள்பக்கமாக, பாதத்திலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை போகும் ஒரு தட்டையான கம்பி. அடியில் பூட்ஸை நுழைக்க ஒரு வளைவு. குதிகால் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு கூர்முள். முழங்காலுக்குக் கீழே ஒரு வார், கணுக்காலில் ஒரு வார். இதைக் காலில் கட்டிக்கொண்டு மரத்தில் குத்திக் குத்தி ஏற வேண்டும்.

தணிகாசலம் பிறவியில் மரம் ஏறுகிறவன். தென்னை, சவுக்கு, பனை எதுவானாலும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான், அடுத்த நிமிஷம் மேலே இருப்பான். கல்யாணம் ஆனதும் மாமனார் வீட்டில் கம்பெனி வேலைதான் மரியாதை என்றார்கள். போனான். எட்டு வருஷமாகச் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில், ஆறுக்கு ஆறு, ஒரே பிரஸ் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறான். இப்போது அந்தத் தொழிற்சாலையின் பின்புறம் புது ஷெட் போட ஒன்பது தைல மரங்களை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தோட்டம், மரம் என்று பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். நான் இருக்கிறேன் என்று இவன் கை தூக்கினான்.

பாதுகாப்பு அதிகாரி காயத்ரி மேடம் கறாரானவர். வெறுங்காலில் ஏறுவதெல்லாம் இங்கே நடக்காது என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹெல்மெட், பெல்ட், இந்த இரும்பு எல்லாம் கட்டிக்கொண்டு இருபதடி ஏறி, பத்து நிமிஷம் நின்று, பத்திரமாக இறங்கிக் காட்ட வேண்டும். காட்டினால் மர வேலை இவனுக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் வருவார்கள், இவன் மறுபடியும் பிரஸ்ஸுக்குப் போக வேண்டியதுதான். ஸ்டோரில் கிடந்த இரும்பைச் சோதித்துப் பார்த்து, கம்பியும் முள்ளும் வாரும் நன்றாக இருக்கின்றன என்று அவரே கொடுத்தார். காலுக்கும் கம்பிக்கும் நடுவில் வரும் மெத்தை மட்டும் பழைய பன் மாதிரி உதிர்ந்து போயிருந்தது. புதிது வர ஒரு மாதம் ஆகும்.

அவன் அதைத் துண்டு சுற்றிக் கட்டிப் பார்த்திருக்கிறான். பேண்ட்டைத் தூக்கிக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே கத்தரிக்காய்க் கலரில் கன்றிப்போயிருந்தது.

"யக்கா, எட்டு வருஷமா ஷெட்டு தகரத்த அண்ணாந்து பாத்துக்கினு நிக்கறேன். இந்த ஒரு தபா மேல போயி நின்னுட்டா போதும்."

கன்னியம்மா இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாபா இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு. பைக்குக்குப் போட்டா சீட்டு, காலுக்குப் போட்டா இதுவும் சீட்டுதான். என் கைய உட்டுப் போன சீட்டு திரும்பி வராது, தெரியுமில்ல?"

ஸ்டீவன் அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினான். அவனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது.

அன்றைக்கே கயிறு எடுத்து அளந்தாள். முழங்காலுக்கு நாலு விரல் கீழே சுற்றளவு ஒரு முடிச்சு, கணுக்காலுக்கு மேலே ஒரு முடிச்சு. நுனியில் பச்சை நூல்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க வேறு வேலை தொடவில்லை. கடையிலிருந்த ஃபோமில் எது நல்லது? மிருதுவானதுதான் நல்லது. நாலு விரல் கனத்துக்கு வெட்டினாள். மேலே கறுப்பு ரெக்சின், ஓரத்தைச் சுற்றி உருட்டித் தைத்த சிவப்புப் பைப்பிங். கட்டைவிரலால் அழுத்தினாள், இட்லி மாதிரி இறங்கி எழும்பியது. ஒவ்வொன்றின் மேலும் உட்கார்ந்து பார்த்தாள். புது மாப்பிள்ளை பைக்குக்குப் போடுகிற சீட் தோற்றுப்போகும், அவ்வளவு அழகு.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து தணிகாசலம் வந்தான். கடைக்குப் பின்னால் ஒரு வேப்பமரமும் புயலில் தலை போன ஒரு மொட்டைத் தென்னையும் நின்றன. வேம்பு பக்கத்திலேயே இருக்கிறதே என்று இவள் காட்ட, அவன் மாட்டேன் என்றுவிட்டான். உயிரோடு நிற்கிற மரத்தில் இந்த முள்ளைக் குத்தக் கூடாது, வெட்டப்போகிற மரத்திலும் பட்ட மரத்திலும்தான் குத்தலாம் என்றான். கன்னியம்மாவுக்கு அவன்மேல் அப்போதுதான் ஒரு மரியாதை வந்தது.

கூடவே கொண்டுவந்த இடுப்புப் பெல்ட்டைத் தென்னையைச் சுற்றிப் போட்டு, முதல் அடி குத்தினான். இரண்டாவது அடியில் முழு எடையும் காலில் இறங்கியது. நாலு விரல் ஃபோம் அப்பளமாக நசுங்கியது. நசுங்கின இடத்தில் கம்பி காலைச் சுற்றிக்கொண்டு ஓட, முள் மரத்தை விட்டு ஸ்டீவன் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டது. தணிகாசலம் வெளியூரிலிருந்து வந்த தாய்மாமனைக் கட்டிக்கொள்கிற மாதிரித் தென்னையைக் கட்டிக்கொண்டு சறுக்கி இறங்கினான்.

ஸ்டீவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்று திரும்பி வந்துவிட்டது என்று அறிவித்தான்.

"போனாத்தானே திரும்பி வரதுக்கு? இன்னும் கடையாண்ட தானே கீது?" என்றாள் கன்னியம்மா.

புதன்கிழமை வேறு யோசனை. உட்காருகிறவனுக்கு மெத்தென்று வேண்டும், நிற்கிறவனுக்கு அழுத்தமாக வேண்டும். செருப்பு தைக்கிறவர்களிடமிருந்து ரப்பர் ஷீட் வாங்கினாள், விரல் கனம்தான், ஆனால் அமுங்காது. அதற்கு முதுகெலும்பாகப் பழைய கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டை வெட்டி வைத்தாள். இனி கம்பி எப்படிப் புரளும், பார்க்கலாம். மேலே வழக்கம்போல ரெக்சின்.

கம்பி புரளவில்லை. தணிகாசலம் எட்டடி ஏறினான். ஆனால் இறங்கும்போது முகம் சரியில்லை. எங்கே கடிக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றான். மேலேயா, கீழேயா? கொஞ்சம்தான் என்றான். முன்பக்கமா, பின்பக்கமா? பழகிவிடும் என்றான்.

இதுதான் அவளுக்குப் பெரிய பேஜார். பைக் வைத்திருக்கிறவர்கள் அப்படி இல்லை. சீட்டில் ஒரு தையல் உறுத்தினாலும் பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பித்துப் புலம்புவார்கள், அதை வைத்துச் சரிசெய்துவிடலாம். இவன் எட்டு வருஷம் மெஷின் முன்னால் நின்று, வலிக்கிறதா என்று கேட்டால் வலிக்கவில்லை என்று சொல்லவே பழகிவிட்டவன். வாயிலிருந்து பதில் வராது. அப்படியானால் காலிலிருந்துதான் வாங்க வேண்டும். அவன் கால் சொல்லவில்லையென்றால் தன் கால் சொல்லும். இரும்பையும் பெல்ட்டையும் இங்கேயே வைத்துவிட்டுப் போ என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம், ரோட்டில் ஆள் குறைந்த நேரம் பார்த்து, வரதனின் பழைய காக்கிப் பேண்ட்டை மாட்டி, அதன்மேல் புடவையைத் தூக்கிச் செருகி, ஸ்டீவனின் ரப்பர் பூட்ஸைக் கடன் வாங்கி, இரும்பைக் கட்டிக்கொண்டாள். பெல்ட்டையும் தென்னையைச் சுற்றிப் போட்டாள். வலது காலால் ஒரு குத்து. இடது காலால் ஒரு குத்து. அவ்வளவுதான், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கன்னியம்மா நின்றாள். மூன்றாவது குத்துக்குக் காலை எடுக்கப் பார்த்தால், கால் வரவில்லை. முழங்காலை மரத்தை விட்டு வெளியே சாய்த்து எடுத்தால்தான் முள் வரும். இவளோ பயத்தில் முழங்காலை மரத்தோடு அணைத்துக்கொண்டிருந்தாள். எடை காலில் இறங்க இறங்க முள் இன்னும் உள்ளே போனது.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் டிரெய்லர் ஒன்று குறுக்கே நிற்க, பின்னால் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. மத்தியான ஷிப்ட் மொத்தமும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. ஒருவன் எழுந்து நின்று பார்த்தான். ஒரு பெண் போனை எடுத்தாள். ஸ்டீவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"யக்கோவ், மாட்டிக்கினியா?"

"மாட்டிக்கல. யோசிச்சுக்கினு கீறேன். நீ போயி பஞ்சரப் பாரு."

பொய் சொல்லவில்லை. மாட்டிக்கொண்ட இடத்தில் வேறு என்னதான் செய்வது, யோசிக்கத்தான் செய்தாள். நிற்க நிற்க விஷயம் ஒவ்வொன்றாக வந்தது. கடிக்கிற இடம் முன்னெலும்பு இல்லை. முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, மெத்தையின் மேல்விளிம்பு படுகிற இடம். விளிம்பை நேராக வெட்டியிருக்கக் கூடாது, பானையின் வாய் மாதிரி வெளியே திரும்பியிருக்க வேண்டும். அடுத்தது வேர்வை. ரெக்சினுக்குள் கால் வெந்து, மெத்தை சோப்புப் போட்ட மாதிரி வழுக்கியது. பத்தொன்பது வருஷம் எல்லாவற்றுக்கும் ரெக்சின் போட்டவளுக்கு, ரெக்சின் ஆகாத இடமும் உண்டு என்பது அந்த இரண்டடி உயரத்தில் தெரிந்தது.

டிரெய்லர் நகர்ந்து பஸ் போன பிறகு, அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து வார்களை அவிழ்த்தாள். ஸ்டூல் வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீம்பில், பெல்ட்டையும் கழற்றிவிட்டு, ஒரு கையால் மரத்தைப் பிடித்துத் தொப்பென்று குதித்து இறங்கினாள். இரும்பு இரண்டும் மரத்திலேயே நின்றன. சாயங்காலம் தணிகாசலம் வந்தபோது, ஆளே இல்லாமல் தன் இரும்பு மட்டும் மரம் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். எட்டு வருஷத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிறகு அவன் பெண்சாதி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது ஜோடி. அதே ரப்பர் ஷீட், அதே கன்வேயர் துண்டு, மேல்விளிம்பு வெளியே மடிந்த உதடு. உள்பக்கத்துக்கு ரெக்சின் இல்லை, வரதனின் கிழிந்த ஜீன்ஸ் துணி, வேர்வையைக் குடிக்கும், வழுக்காது. சாயங்காலம் தணிகாசலம் கட்டிக்கொண்டு பன்னிரண்டடி ஏறி நின்றான். எங்கே கடிக்கிறது என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எங்கேயும் இல்லை என்றான். யோசித்துச் சொன்னதால் நம்பினாள். ஸ்டீவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இனி பயமில்லை என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தாள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே குழாயடியில் குடம் வைத்து நின்றபோது, காலில் கொலுசு சறுக்கிக் குதிகாலில் போய் விழுந்தது. குனிந்து மேலே தள்ளினாள். மறுபடி விழுந்தது. தினம் விழுகிற கொலுசுதான். தினம் சாயங்காலம் அதே கொலுசு கணுக்காலில் இறுகித் தடம் பதிக்கும், ராத்திரி படுக்கும்போது அந்தத் தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். ஷூ கம்பெனியில் நின்ற காலத்திலிருந்து இப்படித்தான். பகலெல்லாம் நின்ற கால் சாயங்காலம் ஊதியிருக்கும், படுத்து எழுந்தால் வடிந்திருக்கும்.

குடம் நிரம்பி வழிந்தது. கன்னியம்மா அசையவில்லை.

திங்கட்கிழமை அவன் காலை அளந்தது எப்போது? பன்னிரண்டு மணி நேரம் பிரஸ் முன்னால் நின்றுவிட்டு வந்த பிறகு. செவ்வாய், புதன், வெள்ளி ஏறிப் பார்த்ததெல்லாம்? சாயங்காலம். ஞாயிறு ஏறப்போவது? காலை ஏழு மணிக்கு. பைக் சீட் காலையிலும் சாயங்காலத்திலும் ஒரே அளவுதான், அதை எப்போது அளந்தால் என்ன. காலுக்கு அப்படி இல்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தினம் கொலுசைத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கே தோன்றவில்லை. இருபதடி மேலே போனபின் மெத்தை தளர்ந்து கம்பி புரண்டால், தாய்மாமனைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரமும் சறுக்கி இறங்க முடியுமா?

குடத்தை அப்படியே விட்டுவிட்டு, கடையிலிருந்து பச்சை நூல் கயிற்றையும் ஒரு புதுக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையில் நின்ற தணிகாசலத்தைப் பிடித்தாள். பேண்ட்டைத் தூக்கு என்றாள். வரிசையில் இருபது பேர். அவன் வெட்கப்பட்டு, சாயங்காலம் வருகிறேனே என்றான்.

"சாய்ந்தரம் உன் கால் வேற கால்பா. எனக்கு இந்தக் கால்தான் வேணும். தூக்கு."

பஸ் ஸ்டாப்பில் முட்டி போட்டு அளந்தாள். வரிசையில் ஒருவன், அண்ணனுக்குக் கொலுசு வாங்கப் போகிறார்களா என்று கேட்டான். இன்னொருவன் மெட்டியும் சேர்த்து வாங்கச் சொன்னான். அவள் காதில் எதுவும் விழவில்லை. இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால், பழைய முடிச்சுக்கும் புது முடிச்சுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருந்தது.

அன்று முழுக்க ஒரே வேலை. மெத்தையைப் பிரிக்கவில்லை. காலையில் உள்ளே செருகிக்கொள்ள, நாக்கு மாதிரி ஒரு துண்டு தைத்தாள், கால் ஊதினதும் உருவி எடுத்துவிடலாம். வாரிலும் தொட்டால் தெரிகிற மாதிரி அடையாளம் வைத்தாள். காலை நேரத்து ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு தையல் முடிச்சு, சாயங்கால ஓட்டைக்குப் பக்கத்தில் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவளும் போனாள். பாஸ் இல்லாததால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மதில் சுவருக்கு வெளியே நின்றாள். சுவருக்கு மேலே தைல மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே ஒரு மஞ்சள் ஹெல்மெட் எழுந்தது. அப்புறம் தோள். அப்புறம் முதுகு. ஒவ்வொரு குத்தும் அவள் முழங்காலில் விழுந்தது. ஓரிடத்தில் ஹெல்மெட் நின்றது.

பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு? அவளிடம் கடிகாரம் இல்லை. ஒரு மின்சார ரயில் சென்னைப் பக்கம் போனது. ஹெல்மெட் அசையவில்லை. அப்புறம் ஒரு கூட்ஸ், அதன் வாலையும் பார்த்தாகிவிட்டது. ஹெல்மெட் அங்கேயே இருந்தது. உள்ளே யாரோ கூப்பிடும் சத்தம். மறுபடியும் கூப்பிடும் சத்தம். கன்னியம்மா நுனிக்காலில் எழும்பி எழும்பிப் பார்த்தாள்.

வாட்ச்மேன் வந்து, இரும்புக்கு மெத்தை தைத்த அம்மா யார், மேடம் கூப்பிடுகிறார் என்றான். தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே விட்டான். அது அவள் கொண்டையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே வந்தது.

காயத்ரி மேடம் மரத்தடியில் ஃபைலோடு நின்றிருந்தார். வயதில் சின்னவர்தான், முகம்தான் பெரிய மனுஷி முகம்.

"பத்து நிமிஷம் எப்பவோ ஆயிடுச்சும்மா. ரெண்டு தடவை கூப்பிட்டுட்டேன், இறங்க மாட்டேங்கறாரு. மெத்தையில ஏதாவது மாட்டிக்கிச்சா?"

கன்னியம்மா அண்ணாந்து பார்த்தாள். கம்பி புரளவில்லை. முழங்காலும் இவளுடையது மாதிரி மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

"இன்னாபா, கடிக்குதா?"

தணிகாசலம் மேலேயிருந்து குனிந்து பார்த்தான்.

"கடிக்கலக்கா. அதான் எறங்க மனசு வர்ல." கூரைப் பக்கம் கையை நீட்டி, "எங்க பிரஸ் ஷெட்டு தகரம், மேல் பக்கம் பச்ச கலருக்கா. எட்டு வருஷமா தெரியாது."

மேடம் தானும் அந்தக் கூரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கீழே நிற்கிறவர்களுக்கு அது துருப்பிடித்த சுவராகத்தான் தெரிந்தது. பிறகு ஃபைலில் எழுதிவிட்டு, மெத்தை என்ன அளவு என்று கேட்டார். கன்னியம்மா முந்தானையிலிருந்து இரண்டு கயிறுகளை எடுத்தாள். ஒருத்தர் காலுக்கு எதற்கு இரண்டு என்று மேடம் கேட்க, இது காலைக்கு, இது சாயங்காலத்துக்கு என்றாள். மேடம் குனிந்து தன் சேஃப்டி ஷூவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். கயிற்றை ஃபைலில் வைத்துக்கொள்ளட்டுமா என்றார். அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கயிறு தர மாட்டேன், அது ஆணிக்குப் போக வேண்டும் என்றுவிட்டாள் கன்னியம்மா.

அடுத்த வாரத்திலிருந்து தணிகாசலத்துக்குப் பிரஸ் இல்லை. ஆணியில் பச்சை நூல் கட்டின கயிறுகள் இரண்டு சேர்ந்து தொங்குகின்றன. ஸ்டீவன் மட்டும் விடுவதாக இல்லை. ஆக மொத்தம் இரண்டு ஜோடி திரும்பி வந்தது, வரவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று டியூபை முக்கிக்கொண்டே கேட்கிறான். கன்னியம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், போகாதது எப்படித் திரும்பி வரும் என்கிறாள். அந்த நாலு விரல் ஃபோம் ஜோடியை அவள் வீணாக்கவில்லை. சிவப்புப் பைப்பிங்கோடு அப்படியே ஸ்டீவனுடைய ஸ்டூலில் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டுதான் அவன் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறான்.